நாலு வயசு, ஒரே ஒரு பந்தயம், 4 லட்சம் பவுண்டு: தடை தாண்டும் இளம் குதிரைக்கு இவ்வளவு விலை ஏன்?

2018 பிப்ரவரி. அயர்லாந்தில் நடந்த ஒரு கிராமத்துப் பந்தயத்தில் நாலு வயதுக் குதிரை ஒன்று ஜெயிக்கிறது. பெயர் என்வாய் ஆலன். அதே மாதம் அது கடல் தாண்டி இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரத்துக்கு வருகிறது. அங்கே ஏலத்தில் போன விலை 4 லட்சம் பவுண்டு. இன்றைய மதிப்பில் நம்ம ஊர் காசுக்கு 4 கோடி ரூபாய்க்கு மேல்.

அந்தக் குதிரை பிறந்ததோ பிரான்ஸில். பிறந்தது ஒரு நாடு, பரீட்சை எழுதியது இன்னொரு நாடு, விலை போனது மூன்றாவது நாடு!

இத்தனைக்கும் அது அதுவரை ஓடியது அந்த ஒரே ஒரு பந்தயம்தான். தொலைக்காட்சியில் வரும் பெரிய பந்தயம் எதிலும் அது கலந்துகொண்டதே இல்லை. இன்னொரு முக்கியமான விஷயம், அது காயடிக்கப்பட்ட குதிரை. நாளைக்கே உலக சாம்பியன் ஆனாலும் அதை வைத்து ஒரு குட்டிகூட எடுக்க முடியாது.

அப்போ அந்த 4 கோடி எதுக்கு? ஐரோப்பாவின் மூன்று நாடுகளில் ஆண்டு முழுக்க நடக்கும் ஒரு பெரிய வியாபாரமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதல்ல, இது என்ன பந்தயம்?

கிண்டி, ஊட்டி என்று நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் சமதளப் பந்தயம். கதவு திறக்கும், குதிரைகள் பாயும், ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே பேசப்போவது வேறு. குறைந்தது மூன்றரை அடி உயரமுள்ள 'ஹர்டில்' தடுப்புகளையோ, நாலரை அடிக்குக் குறையாத 'ஸ்டீப்பிள்சேஸ்' வேலிகளையோ தாண்டித் தாண்டி 2 மைல் முதல் 4 மைலுக்கு மேல் வரை ஓட வேண்டும். இங்கிலாந்தின் எய்ன்ட்ரீ மைதானத்தில் ஏப்ரலில் நடக்கும் கிராண்ட் நேஷனல்தான் இதில் உலகப் புகழ் பெற்றது. அதில் 30 வேலிகள், கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர்.

ஸ்டீப்பிள் என்றால் தேவாலய கோபுரம். 1752-ல் அயர்லாந்தின் கார்க் பகுதியில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, பட்டவென்ட் தேவாலயத்திலிருந்து டோனரெய்ல் தேவாலய கோபுரம் வரை, வழியில் வந்த வேலி, பள்ளம் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை ஓட்டினார்கள் என்பது இந்த விளையாட்டின் பிறப்புக் கதை. கதை எப்படியோ, இன்றைக்கு இந்தப் பந்தயம் பெரிய அளவில் நடப்பது பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளில்தான். அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, செக் குடியரசு போன்ற இடங்களிலும் உண்டு என்றாலும், குதிரை வாங்கி விற்கும் சந்தை இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றுகிறது.

வாரிசு இல்லாத குதிரைக்கு எதுக்கு கோடி?

சமதளப் பந்தயக் குதிரைக்குக் கொட்டிக் கொடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு வயதில் ஓடும், மூன்று வயதில் டெர்பி ஜெயித்தால் போதும், அதன்பிறகு பொலிகுதிரையாகப் பல வருடம் சம்பாதித்துக் கொடுக்கும். அந்த ஆசையில்தான் 2006-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 'தி கிரீன் மங்கி' என்ற இரண்டு வயதுக் குதிரை 1.6 கோடி டாலருக்குப் போனது. அது மூன்று முறை ஓடியது. ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை!

தடை தாண்டும் குதிரையில் இந்த ஆசைக்கே இடமில்லை. இங்கே ஓடும் ஆண் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. ஆகவே அது ஓடி ஜெயிக்கும் பரிசுப் பணம்தான் வருமானம். அதுவும் உடனே வராது. இந்தக் குதிரைகள் முழு பலத்துக்கு வருவது 8, 9 வயதில். கிராண்ட் நேஷனலில் 7 வயதுக்குக் குறைந்த குதிரை ஓடவே முடியாது. மூன்று வயதில் ஒன்றை வாங்கினால், பெரிய மேடையைப் பார்க்கக் குறைந்தது நாலு வருடம் தீனி போட வேண்டும். அதற்குள் கால் நரம்பு ஒன்று கிழிந்தால் ஒரு வருடம் போச்சு. மோசமாக விழுந்தால் எல்லாமே போச்சு.

அதனால் இந்தச் சந்தையில் விலை ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான். வாங்குகிற அன்று அந்தக் குதிரையைப் பற்றி எவ்வளவு தெரிகிறது என்பதுதான் அது. ஒன்றுமே தெரியாத குதிரை மலிவு. கொஞ்சம் தெரிந்த குதிரை விலை அதிகம். ஓடி ஜெயித்த குதிரை கோடி. குதிரை அதே குதிரைதான். நடுவில் குறைந்தது சந்தேகம். அந்தச் சந்தேகத்தைக் குறைக்கும் வேலையை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. யார் காசு பார்க்கிறார்கள் என்பதும் அதை வைத்துத்தான்.

அயர்லாந்து: புல்வெளியில் காத்திருக்கும் முதலீடு

அயர்லாந்தில் 'ஸ்டோர்' என்று ஒரு வகைக் குதிரை உண்டு. மூன்று வயது ஆகும்வரை யாரும் அதன் மேல் ஏறி உட்கார மாட்டார்கள். சேணம் கிடையாது, பயிற்சி கிடையாது. புல்வெளியில் விட்டுவிடுவார்கள். மேயும், எலும்பு முற்றும், வளரும். சேமித்து வைத்த சரக்கு என்ற அர்த்தத்தில்தான் அந்தப் பெயரே.

ஜூன் மாதம் வந்தால் இவை ஏல மைதானத்துக்கு வரும். மீத் மாவட்டத்தின் ஃபேரிஹவுஸில் டாட்டர்சால்ஸ் அயர்லாந்து நடத்தும் டெர்பி ஏலமும், கில்டேர் மாவட்டத்தில் கோஃப்ஸ் நிறுவனம் நடத்தும் ஆர்க்கிள் ஏலமும் இதில் பெரியவை. வாங்க வருபவர் அந்தக் குதிரை ஓடி ஒரு அடிகூடப் பார்த்திருக்க மாட்டார். அப்பா யார், அம்மா யார், கூடப்பிறந்தது ஏதாவது ஜெயித்திருக்கிறதா, நடை எப்படி, முட்டி நேராக இருக்கிறதா... அவ்வளவுதான் தகவல். அந்தியூர் சந்தையில் சுழி பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுகிறவர்களுக்கு இந்த இடம் ஒன்றும் அந்நியமாக இருக்காது.

வாங்குபவர்களில் பலர் சாம்பியன் கனவோடு வரும் பணக்காரர்கள் இல்லை. 'பாயிண்ட்-டு-பாயிண்ட்' என்ற பந்தயத்துக்குக் குதிரை தயார் செய்கிறவர்கள். இது வேட்டைக் கழகங்கள் நடத்தும் கிராமத்துப் பந்தயம். பெரும்பாலும் விவசாய நிலத்தில் நடக்கும். ஓட்டுகிறவர்கள் தொழில்முறை ஜாக்கிகள் இல்லை, அமெச்சூர்கள். பரிசுத் தொகையும் சொற்பம். ஆனால் இங்கே யாரும் பரிசுக்காக வருவதில்லை. சுமார் 3 மைல் தூரத்தை வேலி தாண்டி ஓடி முடிக்கும் நாலு வயதுக் குதிரையை, மைதானத்து ஓரத்தில் நின்றபடி ஏஜென்டுகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பந்தயம். என்வாய் ஆலனை இப்படித் தயார் செய்து ஓட்டிக் காட்டியவர் காலின் போவ் என்ற அயர்லாந்துக்காரர். இந்தத் தொழிலில் பெரிய பெயர்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது? உதாரணத்துக்கு ஒருவர் 30,000 யூரோவுக்கு ஒரு ஸ்டோரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழக்கி, தீனி போட்டு, அடுத்த வசந்தத்தில் ஓட விடுகிறார். ஜெயித்தால் அது ஒரு லட்சத்தையும் தாண்டலாம், அதற்கு மேலும் போகலாம். கடைசியில் மூச்சு வாங்கித் தடுமாறினால் போட்ட முதலே திரும்பாது. இப்படி ஒருவர் பத்து குதிரை வாங்கினால், ஒன்றிரண்டு குதிரையின் லாபம்தான் மற்ற எல்லாவற்றின் நஷ்டத்தையும் சுமக்க வேண்டும். ஏலத்தில் சுத்தியல் தட்டும்போது நமக்குத் தெரிவது ஜெயித்த குதிரையின் விலை மட்டும்தான்.

ஜெயித்தால்தான் விலை என்றும் இல்லை. இரண்டாவதாக வந்தாலும் வந்த விதம் முக்கியம். கான்ஸ்டிடியூஷன் ஹில் என்ற குதிரை அயர்லாந்தில் தான் ஓடிய பாயிண்ட்-டு-பாயிண்டில் மயிரிழையில் தோற்றது. அப்படியும் 1,20,000 பவுண்டுக்குப் போனது. 2023-ல் செல்டன்ஹாமில் சாம்பியன் ஹர்டில் பட்டத்தை வென்றது அதே குதிரைதான். இதில் வேடிக்கை என்னவென்றால், அது பிறந்தது பிரிட்டனில். பிரிட்டனில் பிறந்த குதிரை, அயர்லாந்துக்குப் போய் ஓடிக் காட்டிவிட்டு, பிரிட்டனுக்கே பல மடங்கு விலையில் திரும்பி வந்தது!

விலையின் உச்சத்துக்கு ஜான்பான் ஒரு நல்ல உதாரணம். 2020 நவம்பரில், ஒரே ஒரு பாயிண்ட்-டு-பாயிண்ட் வெற்றியோடு அது ஏலத்துக்கு வந்தது. போன விலை 5,70,000 பவுண்டு, இன்றைய மதிப்பில் 6 கோடி ரூபாய்க்கு மேல். காரணம், அதன் உடன்பிறப்பு டூவான். அதே அப்பா, அதே அம்மா, ஏற்கெனவே நட்சத்திரம். ஒரு வெற்றியோடு ஒரு பெரிய அண்ணனும் சேர்ந்தால் விலை எங்கே போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஜான்பானும் பிறகு முதல் தரப் பந்தயங்கள் பலவற்றை ஜெயித்தது. வாங்கிய ஜே.பி. மெக்மேனஸ் இந்த விளையாட்டின் மிகப்பெரிய உரிமையாளர்களில் ஒருவர்.

பிரான்ஸ்: மூணு வயசுலயே பள்ளிக்கூடம் முடிச்சிடும்

அயர்லாந்து காத்திருக்கிறது என்றால் பிரான்ஸ் காத்திருப்பதே இல்லை. அங்கே இரண்டு வயதிலேயே குட்டிக் குதிரைகளைத் தாண்டப் பழக்குகிறார்கள். மூன்று வயது வசந்தத்தில் நிஜப் பந்தயத்தில் ஹர்டில் தாண்ட வைக்கிறார்கள். அயர்லாந்தில் அதே வயதுக் குதிரை புல் மேய்ந்துகொண்டிருக்கும்போது, பிரெஞ்சுக் குதிரை பாரிஸின் ஓட்டை மைதானத்தில் மூன்று நாலு பந்தயம் ஓடி முடித்திருக்கும்.

இதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. பிரான்ஸில் மைதானத்துக்கு வெளியே குதிரைப் பந்தயத்தில் கட்டப்படும் பணம் நீண்ட காலமாக பி.எம்.யூ என்ற அமைப்பின் வழியாகப் போகிறது. அதன் லாபம் பந்தயத் துறைக்கே திரும்புகிறது. இளம் குதிரைகளின் பந்தயத்துக்கே நல்ல பரிசு, கூடவே குதிரையை வளர்த்தவருக்குத் தனி ஊக்கத்தொகை. அதனால் சீக்கிரம் ஓட விடுவதில் அங்கே லாபம் இருக்கிறது. அயர்லாந்தில் அந்த வயதுக்கு அப்படிப் பரிசு இல்லாததால் காத்திருப்பதில் லாபம்.

பிரான்ஸில் இன்னொரு விசேஷம், 'ஏ.கியூ.பி.எஸ்' என்ற இனம். 'தூய இனம் அல்லாதவை' என்பதுதான் அந்தப் பெயரின் நேரடி அர்த்தம். உலகப் பந்தயம் முழுக்க தரோபிரெட் என்ற தூய இனத்தைச் சுற்றி ஓடும்போது, உள்ளூர் சவாரிக் குதிரை ரத்தம் கலந்த இந்த இனத்தைத் தனியாக வளர்த்துத் தடை தாண்டப் பழக்கியது பிரான்ஸ். இவற்றுக்குப் பிறந்த வருடத்துக்கு ஒரு எழுத்து. 2001-ல் பிறந்தது 'என்' எழுத்து, அதனால் நெப்டியூன் கொலோஞ். 2006 'எஸ்' எழுத்து, அதனால் ஸ்பிரின்டர் சாக்ரே. பெயரைப் பார்த்தே வயசைச் சொல்லிவிடலாம். முதலாவது 2012 கிராண்ட் நேஷனலை ஜெயித்தது. இரண்டாவது ஒரு தலைமுறையின் மிக வேகமான ஸ்டீப்பிள்சேஸ் குதிரை என்று பெயர் எடுத்தது. அதை யாரும் கோடி கொடுத்துத் தேடி வாங்கவில்லை. பிரான்ஸில் 20-க்கும் மேற்பட்ட குதிரைகளை மொத்தமாக ஒரே விலை பேசி வாங்கியபோது அந்தக் கூட்டத்தில் ஒன்றாக வந்ததுதான் ஸ்பிரின்டர் சாக்ரே!

பிரெஞ்சுக் குதிரைகளுக்கு டோவில் நகரில் அர்கானா நிறுவனம் ஏலம் நடத்துகிறது. ஆனால் நல்ல குதிரைகள் பல ஏலத்துக்கே வருவதில்லை. பந்தயம் முடிந்த அன்றே தொலைபேசியில் வியாபாரம் முடிந்துவிடும். 2004-ல் கௌட்டோ ஸ்டார் அப்படி வாங்கப்பட்ட குதிரைதான். நாலு வயது, விலை 4 லட்சம் யூரோ. பிரான்ஸில் அப்போதே அதற்கு 'வேற்றுக்கிரகவாசி' என்று பட்டப்பெயர். இங்கிலாந்தில் பால் நிக்கோல்ஸின் பயிற்சியில் செல்டன்ஹாம் கோல்டு கப்பை 2007, 2009 என இரண்டு முறையும், கிங் ஜார்ஜ் பந்தயத்தை ஐந்து முறையும் ஜெயித்தது. 20 லட்சம் பவுண்டுக்கு மேல் பரிசு.

இங்கே ஒரு பழைய சண்டை உண்டு. இவ்வளவு சின்ன வயசில் தாண்ட வைத்தால் சீக்கிரமே தேய்ந்துபோகும் என்று பிரிட்டன், அயர்லாந்தில் பலர் நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். கௌட்டோ ஸ்டார் ஐந்தாவது கிங் ஜார்ஜை ஜெயித்தபோது அதற்கு 11 வயது. அதற்குப் பிறகு அந்தக் குரல் கொஞ்சம் அடங்கியது. ஒரு குதிரையை வைத்து மொத்த இனத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் சந்தை தன் தீர்ப்பை எழுதிவிட்டது. கோல்டு கப்பில் 2011-ல் லாங் ரன், 2019, 2020-ல் ஆல் பூம் ஃபோட்டோ, 2023, 2024-ல் கலோபான் டே ஷாம்ப் என எல்லாம் பிரான்ஸில் பிறந்தவை. 2024 கிராண்ட் நேஷனலை ஜெயித்த ஐ ஆம் மாக்சிமஸும் பிரெஞ்சுக் குதிரையே.

அப்போ இங்கிலாந்து?

காசு இருக்கிறது, மைதானம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. குதிரைதான் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கிறது. செல்டன்ஹாம் திருவிழாவில் வியாழக்கிழமை பந்தயங்கள் முடிந்த பிறகு, வெற்றிபெற்ற குதிரைகளை நிறுத்தும் அதே வளாகத்தில் ஏலமே நடக்கும். விற்க வருபவை பெரும்பாலும் அயர்லாந்தில் ஓடிக் காட்டிய இளம் குதிரைகள்.

முன்பெல்லாம் நல்ல ஐரிஷ் குதிரை என்றால் பிரிட்டிஷ் பணக்காரர் வாங்கி பிரிட்டிஷ் பயிற்சியாளரிடம் கொடுப்பார். இப்போது வாங்குபவர் பிரிட்டிஷ்காரராகவே இருந்தாலும் குதிரை அயர்லாந்திலேயே தங்கிவிடுகிறது. என்வாய் ஆலனை வாங்கியது நியூமார்க்கெட்டின் செவ்லி பார்க் ஸ்டட். ஆனால் பயிற்சி முழுக்க அயர்லாந்தில். அங்கே அரசு நிதி பந்தயத் துறைக்குப் போகிறது. பிரிட்டனில் சூதாட்ட நிறுவனங்களின் லாபத்தில் வசூலிக்கும் தொகையை நம்பியே பரிசு ஓடுகிறது. சாதாரண வார நாள் பந்தயம் ஒன்றை ஜெயித்தால் கிடைப்பது சில ஆயிரம் பவுண்டு.

இதன் விளைவு 2021 செல்டன்ஹாமில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. மொத்தம் 28 பந்தயம். அயர்லாந்தில் பயிற்சி பெற்ற குதிரைகள் ஜெயித்தது 23. சொந்த மண்ணில் பிரிட்டனுக்குக் கிடைத்தது வெறும் 5. கார்லோ மாவட்டத்தின் குளோசட்டனில் இருக்கும் வில்லி மலின்ஸ், பிரான்ஸில் தனக்கென ஆள் வைத்து இளம் குதிரைகளைத் தேடிப் பிடிக்கிறவர். அவர் 2023-24 சீசனில் பிரிட்டனின் சாம்பியன் பயிற்சியாளர் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனார். அயர்லாந்திலிருந்தபடி ஒருவர் அதை வென்றது 1950-களில் வின்சென்ட் ஓ'பிரையனுக்குப் பிறகு அப்போதுதான். அடுத்த வருடம் கிராண்ட் நேஷனலில் முதல் மூன்று இடமும் மலின்ஸின் குதிரைகளுக்கே.

குதிரை மட்டும் இல்லீங்க, அப்பா குதிரையே நாடு மாறியிருக்கிறது. டூவான், ஜான்பான் இரண்டுக்கும் தந்தை 'வாக் இன் தி பார்க்'. 2005 எப்சம் டெர்பியில் இரண்டாவதாக வந்த அது, பிரான்ஸில் பொலிகுதிரையாக இருந்தது. டூவான் ஜெயிக்க ஆரம்பித்ததும் கூல்மோர் நிறுவனம் அதை அயர்லாந்துக்குக் கொண்டுவந்துவிட்டது. 2025 கிராண்ட் நேஷனலை ஜெயித்த நிக் ராக்கெட் அதன் வாரிசுதான்.

பெண் குதிரைகளின் கதையும் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் இவற்றை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். செல்டன்ஹாமில் 2008 முதல் பெண் குதிரைகளுக்கென்றே பந்தயங்கள் சேர்க்கப்பட, ஓடி முடித்த பிறகு குட்டியும் எடுக்கலாம் என்ற கணக்கும் கூட, விலை ஏறியது. 1,10,000 யூரோவுக்கு விற்ற ஹனிசக்கிள், 2021-லும் 2022-லும் ஆண் குதிரைகளைத் தோற்கடித்து சாம்பியன் ஹர்டிலை ஜெயித்தது.

நியூசிலாந்து, ஜெர்மனி...

நியூசிலாந்துக் குதிரைகளுக்கு ஒரு காலத்தில் பிரிட்டனில் நல்ல கிராக்கி. 1997-ல் கிராண்ட் நேஷனல் ஜெயித்த லார்டு கிலீன் அங்கே பிறந்ததுதான். 1991-ல் ஜெயித்த சீக்ரமும் அப்படியே. அந்தப் பந்தயத்துக்கு அன்றைக்கு ஸ்பான்சர் யார் தெரியுமா? சீக்ரம் மதுபான நிறுவனம்! அந்தக் குதிரையை வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு முன்பே வந்தும் நிறுவனம் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. கடைசியில் தன் பெயர் கொண்ட குதிரைக்குத் தானே பரிசு கொடுக்க வேண்டியதாயிற்று. தூரம், கப்பல் அல்லது விமானச் செலவு தவிர இன்னொரு சிக்கலும் உண்டு. வட பகுதி நாடுகளில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1-ல் வயது ஏறும். தென் பகுதியில் ஆகஸ்ட் 1. வயது பார்த்து நடக்கும் இளம் குதிரைப் பந்தயங்களில் அந்த இடைவெளி சின்ன விஷயம் இல்லை.

ஜெர்மனியில் தடைப் பந்தயம் பெரிதாக இல்லை. ஆனால் உடல் உறுதியான, நெடுந்தூரம் ஓடும் ஜெர்மன் ரத்தத்துக்கு மதிப்பு அதிகம். மொன்சூன் என்ற ஜெர்மன் பொலிகுதிரையின் பேரன்தான் ஸ்பிரின்டர் சாக்ரே.

ஏலத்துக்கு முன்னாடி என்ன பார்ப்பாங்க?

ஓடிய குதிரை என்றால் முதலில் வீடியோ. ஜெயித்ததா என்பதைவிட, யாரை ஜெயித்தது, அந்த யார் பிறகு எப்படி ஓடினார்கள் என்று பார்ப்பார்கள். தரை சேறாக இருந்ததா, காய்ந்து கிடந்ததா என்பதும் முக்கியம். அடுத்து கால்நடை மருத்துவர் வருவார். எலும்புக்கு எக்ஸ்ரே, முன்னங்கால் நரம்புக்கு ஸ்கேன், தொண்டைக்கு கேமரா. ஓடும்போது தொண்டை சரியாகத் திறக்காத குதிரை உறுமல் சத்தம் போடும், 3 மைல் தாங்காது. இது தெரிந்தால் விலை பாதியாகும். சில ஏலங்களில் வாங்கிய பிறகு இந்தக் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கவும் விதி உண்டு.

சில ஏலங்களில் இன்னமும் பவுண்டில் விலை சொல்வதில்லை, 'கினி' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கினி என்றால் ஒரு பவுண்டு 5 பென்ஸ். அந்த 5 பென்ஸ் அந்தக் காலத்து ஏலக்காரரின் தரகு. நாணயம் போய் இருநூறு வருடம் ஆனாலும் பழக்கம் போகவில்லை.

விலைக்கும் வெற்றிக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு, ஆனா நினைக்கிற அளவுக்கு இல்லை. 2004-ல் கார்ட் ஷாம்பெத்ர் என்ற பிரெஞ்சுக் குதிரை 5,30,000 கினிக்குப் போனது. கோல்டு கப் அளவுக்கு அது வரவே இல்லை. பிறகு வயல்வெளித் தடம் போன்ற சுற்றுப் பந்தயத்துக்கு மாற்றியபோதுதான் செல்டன்ஹாம் திருவிழாவில் இரண்டு முறை ஜெயித்தது.

மறுபக்கம் டைகர் ரோலைப் பாருங்கள். சமதளப் பந்தயத்துக்காகக் குட்டியில் வாங்கப்பட்டு, அங்கே ஒரு தடவைகூட ஓடாமலே 2013-ல் 10,000 பவுண்டுக்குக் கழித்துவிடப்பட்டது. ஒரு ஹர்டில் பந்தயம் ஜெயித்தது, விலை உடனே 80,000 பவுண்டு. சந்தேகம் குறைந்ததற்கான விலை 70,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குதிரை 2018, 2019 என அடுத்தடுத்து இரண்டு கிராண்ட் நேஷனல் ஜெயித்தது. 1970-களில் ரெட் ரம்முக்குப் பிறகு யாரும் செய்யாதது அது. 2023-ல் ஜெயித்த கோரக் ராம்ப்ளரின் விலை வெறும் 17,000 பவுண்டு. முதல் பரிசோ 5 லட்சம் பவுண்டு.

வேல்ஸில் ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் நடந்தது இன்னும் ஒரு படி மேல். 350 பவுண்டுக்கு வாங்கிய ஒரு பெண் குதிரையிடம் குட்டி எடுத்து, ஊர்க்காரர்கள் வாரம் 10 பவுண்டு சீட்டு போட்டு வளர்த்த 'டிரீம் அலையன்ஸ்' 2009 வெல்ஷ் கிராண்ட் நேஷனலை ஜெயித்தது. அதற்கு முந்தைய வருடம் கால் நரம்பு அறுந்து, ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்த குதிரை அது. படமாகவே வந்துவிட்டது.

இந்த மாதிரிக் கதைகளைத்தான் ஏல நிறுவனங்களும் சந்தோஷமாகச் சொல்லும். 'உங்களுக்கும் அடிக்கலாம்' என்பதே இந்த வியாபாரத்தின் விளம்பரம். ஆனால் பிரிட்டனில் ஒரு குதிரையைப் பயிற்சியில் வைத்திருக்க ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல் ஆகும். பெரும்பாலான உரிமையாளர்களுக்கு இந்தத் தொகையே திரும்பி வருவதில்லை. அந்த நஷ்டத்தைப் பொழுதுபோக்குச் செலவாகத் தாங்கக்கூடியவர்கள்தான் கடைசிவரை நிற்கிறார்கள். நல்ல குதிரைகள் ஒரு சில உரிமையாளர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் போய்க் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவரிடம் நூறு குதிரை இருந்தால் ஒன்று தோற்றால் அவருக்கு வலிக்காது.

2021-க்குப் பிறகு இன்னொரு செலவும் சேர்ந்திருக்கிறது. பிரெக்ஸிட்டுக்கு முன் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மூன்றுக்கும் இடையே முத்தரப்பு ஒப்பந்தப்படி பந்தயக் குதிரைகள் எளிதாகப் போய் வந்தன. இப்போது பிரிட்டனின் எல்லை தாண்ட மருத்துவச் சான்று, சுங்கப் பத்திரம், வரிக் கணக்கு, எல்லையில் சோதனை. 5 லட்சம் பவுண்டு குதிரைக்கு இது பெரிய விஷயம் இல்லை. 5,000 பவுண்டு குதிரைக்கு இது விலையில் கணிசமான பங்கு.

விற்காத குதிரைகள் எங்கே போகுது?

இந்த வியாபாரத்தில் யாரும் பேச விரும்பாத பகுதி இது. ஒவ்வொரு வருடமும் ஸ்டோர் ஏலத்துக்கு வரும் குதிரைகளில் நட்சத்திரம் ஆவது விரல் விட்டு எண்ணக்கூடியவை. பந்தயத்தில் சாவதும் உண்டு. அந்த விமர்சனம் முற்றியதால்தான் 2024-ல் கிராண்ட் நேஷனலில் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34 ஆகக் குறைத்தார்கள். ஓய்வு பெறும் குதிரைகளை வேறு வேலைக்குப் பழக்க 2000-ல் பிரிட்டிஷ் பந்தயத் துறை தனி அறக்கட்டளையும் தொடங்கியது.

ஆனால் 2021 ஜூலையில் பிபிசி பனோரமா நிகழ்ச்சி ஒளிபரப்பிய விவரம் பலரை உலுக்கியது. பந்தயக் குதிரைகளாக இருந்த சுமார் 4,000 குதிரைகள் இரண்டு மூன்று வருடத்துக்குள் பிரிட்டன், அயர்லாந்து இறைச்சிக் கூடங்களில் கொல்லப்பட்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பயிற்சி பெற்றவை. கோடி கொடுத்து வாங்கப்படும் அதே மண்ணில், மிஞ்சும் குதிரைக்குக் கடைசி விலை கறி விலைதான் என்று அந்த நிகழ்ச்சி காட்டியது.

2022 ஜனவரி முதல் பிரிட்டனில் ஒரு விதி வந்தது. அங்கே ஓடும் எந்தக் குதிரையும், மனிதர் உண்ணும் இறைச்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் பாஸ்போர்ட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க முடியாது. பிரான்ஸிலிருந்து வந்தாலும் அயர்லாந்திலிருந்து வந்தாலும் பிரிட்டனில் ஓட வேண்டுமென்றால் இது கட்டாயம்.

விதி பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் குதிரைக்குத்தான். மூன்று வயதில் ஏலத்தில் வாங்கி, பழக்கும்போதே அடிபட்டு, எந்தப் பந்தயத்திலும் பெயர் கொடுக்காமலே வெளியேறும் ஸ்டோர் குதிரை இதற்குள் வராது.